பிறகு

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் ரோட்டில் எங்கள் எடைமேடை.
அறுபது டன் தாங்கும்.
அதன் மூளை என் மேசைக்கடியில்
கிழங்கு மாவுத் தூசியைக் குடித்து
இரைந்துகொண்டே கிடக்கும்.

காலை ஆறே முக்காலுக்குத் திரையைத் திறந்தால்
மூலையில் அதே நீலப் பெட்டி:
புதுப்பிப்புகள் தயார். இப்போதா, பிறகா?
வெளியே மரவள்ளி லாரி ஹாரன் அடிக்கும்.
பிறகு.
நாலு வருசம், ஞாயிறு தவிர.
ஒரே கேள்விக்கு ஒரே பதிலை இத்தனை தடவை
பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட
நான் சொன்னதில்லை.

"ஓடுற வண்டிக்கு எதுக்கும்மா போல்ட்டைக் கழட்டணும்"
என்பார் முதலாளி. கிழங்கு வாங்குபவரும் அவரே.
எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.
பொன்னம்மாப்பேட்டை ஜெராக்ஸ் கடையில்
அப்டேட் போட்ட மறுநாள் பிரிண்டர் தமிழை மறந்து
கட்டம் கட்டமாய்த் துப்பியது.
சிட்டா வாங்க வந்தவர்
உற்று உற்றுப் பார்த்துவிட்டு
"இதுல என் நிலம் எந்தக் கட்டம்?" என்றாராம்.

மாசியில், எதிர்ச்சாரி ஜவ்வரிசி ஆலையில்
கணக்கெல்லாம் ஓர் இரவில் பெயர் மாறிப்
பூட்டிக்கொண்டது.
திறக்கப் பணம் கேட்டான் எவனோ, எந்த ஊரோ.
அமலோற்பவம் ரெண்டு நாள்
ரசீதுக் கட்டைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.
அவளும் பிறகு என்றவள்தான்.

முதலாளி ஏற்காட்டில் ஒரு கல்யாணத்தில்.
போன் எடுக்கவில்லை.
அதே மலையிலிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் இறங்கி
இருதயராஜ் வந்தார்,
சட்டைப் பையில் ஜெபமாலையும் பென் டிரைவும் சிக்கிக்கொள்ள.

முப்பத்தேழு சதவீதத்தில் நின்றது.
அணைக்காதீர்கள் என்றது.
வெளியே பதினோரு லாரி.
வெயிலில் காய்ந்தால் கிழங்கின் பாயிண்ட் இறங்கும்.
நிமிடத்துக்கு ஒரு தலை ஜன்னலில் எட்டி
"எவ்வளவு ஆச்சு?" என்றது,
பிரசவ வார்டு வாசல் மாதிரி.
முப்பத்தெட்டு என்றேன்.
யாரோ கை தட்டினார்கள்.

மூன்றரைக்கு உயிர் வந்தது.
பழைய எடை நிரல் மட்டும் எழவில்லை.
இருதயராஜ் வேறொன்றை ஏற்றி,
இரும்புக் கல் வைத்துச் சரிபார்த்து, தலையாட்டினார்.

முதல் வண்டி கூடமலை பூபாலன்.
சீட்டை வாங்கியவர் நகரவில்லை.
வாழப்பாடியில் போட்ட சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.
"எப்பவும் வர்ற வழியில எம்பது கிலோ
உலந்துபோயிடும்.
இன்னிக்கி ஏன் உலரல?"

இருதயராஜ் பழைய கோப்பைப் பிரித்துக் காட்டினார்.
நீளமான பட்டியலில் ரெண்டு வரி:
ஐம்பது கிலோவுக்குக் கீழ் என்றால், பூஜ்யம்.
பத்து டன்னுக்கு மேல் என்றால், எண்பது கழி.
எழுதிய தேதி, நான் வேலைக்குச் சேரும் முன்.
அதுவரைக்கும் ஒரு ஆறுதல்.

ஒரு நாளைக்கு முப்பது வண்டி.
கால்குலேட்டரில் பெருக்கிக்கொண்டே போய்
சமக்குறியை அழுத்தாமல் வைத்துவிட்டேன்.

அப்டேட் அவசியமா என்று
இப்போது என்னைக் கேட்கிறார்கள்.
என்னத்தைச் சொல்ல?
கேட்காமலே வெயில் எத்தனை டிகிரி என்கிறது.
எந்த நடிகைக்கோ கல்யாணம் என்கிறது.
எழுத்தெல்லாம் சின்னதாகிவிட்டது, கண் வலிக்கிறது.
பத்து நாளுக்குள் பழசுக்கே திரும்பலாம் என்றும்
பணிவாக ஒரு பொத்தானைக் காட்டுகிறது.

முதலாளிக்கு அந்தப் பொத்தானைப் பற்றி
யாரோ சொல்லிவிட்டார்கள்.
தினமும் கேட்கிறார்.
பிறகு என்கிறேன்.
இன்று ஏழாம் நாள்.

வண்டி இல்லாத மத்தியானம்.
சேர்வராயன் மேல் மேகம் ஒன்றும் இல்லை.
மேடை நடுவில் அந்தச் செவலை நாய் படுத்திருக்கிறது.
திரையில் இருபது.
நாலு வருசமாய் அது அங்கேதான் படுக்கிறது,
எடையே இல்லாமல்.